நான் கெடுத்த டிரான்சிஸ்டர்

கெட்டுப்போன பொருள் ஒன்றைக் கொண்டுவராதவருக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நெரிசல் ஓய்ந்த பிறகு, பேகம்பூரில் ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் எங்கள் வட்டாரத்து ரேடியோ மெக்கானிக்குகள் கூடுவார்கள். கன்னிவாடி, ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வருவார்கள். பூட்டுப் பட்டறைகளுக்கு முலாம் பூசிக் கொடுக்கும் ஒருவரும் அவர்களோடு உண்டு. அமிலமும் பற்றவைப்பும் தமக்கும் தொழில்தானே என்று வந்து சேர்ந்தவர். ஒவ்வொருவரும் அந்த மாதம் தம் கையால் கெடுத்த ஒன்றை மேசைமேல் வைத்து, அது எப்படிக் கெட்டது என்று சொல்ல வேண்டும். சரியாகச் செய்ததைப் பற்றிப் பேச அங்கே அனுமதியில்லை. அதைக் கடைப் பலகையில் எழுதிக்கொள்ளட்டும் என்பார் தலைவர்.

நான் மேசைக்கு வெளியே இருந்தேன். மாடிப்படி முடியும் இடத்தில் எனக்கு ஒரு முக்காலி. டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் எங்கள் ஊருக்கு வரத் தொடங்கிய காலம் அது. கம்பெனிக்காரர்கள் அனுப்பும் ஆங்கிலக் கையேடுகளைப் படித்துத் தமிழில் சொல்ல ஆள் தேவைப்பட்டது. மதுரைக்கு ரயிலில் போய் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த என்னை அப்பா அழைத்துப்போனார். வாசித்து முடித்ததும் கையேட்டை மடித்து மடியில் வைத்துக்கொள்வேன். அதன்பின் அவர்கள் பேசுவார்கள். என் குரலுக்கு அந்த அறையில் இடமிருந்தது, எனக்கு இல்லை.

அப்பாவுக்கு ரயிலடிக்குப் போகும் சாலையில் ரேடியோக் கடை. வால்வு ரேடியோவில் அவர் கைக்குப் பிடிபடாதது எதுவுமில்லை. வால்வு கெட்டால் கண்ணுக்குத் தெரியும்: உள்ளே செந்நிறம் அணையும், கண்ணாடியில் புகை படியும். டிரான்சிஸ்டர் அப்படியல்ல. பட்டாணி அளவுக்கு ஒரு தகரக் குப்பி, அதற்குள் ஜெர்மானியம் என்னும் தனிமத்தின் துணுக்கு, வெளியே முடிபோன்ற மூன்று கால்கள். செத்தாலும் அது உயிரோடிருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். அப்பாவின் விரல்கள் அந்தக் கால்களுக்குத் தடிமனானவை. பார்வையும் மங்கத் தொடங்கியிருந்தது. எனவே கடையின் பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வேலையை நான் செய்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர்களுக்கு இது தெரியாது. தெரியக் கூடாது என்பது அப்பாவின் ஏற்பாடு.

இலக்கியம் படிப்பவளுக்கு இது எதற்கு என்று கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள். பிடித்திருந்தது என்பதைத் தவிர அதற்கு விடை இல்லை. பிடித்ததற்குக் காரணம் காட்டும்படி ஆண்பிள்ளைகளை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கன்னிவாடிப் பக்கத்து விவசாயி ஒருவர், மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த செட் ஒன்றைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார். அதில் ஒரு டிரான்சிஸ்டர் போயிருந்தது. புதிதாக ஒன்றைப் பற்றவைத்தேன். அது ஊமையாகவே இருந்தது. அதைக் கழற்றிவிட்டு இன்னொன்றை வைத்தேன், அதுவும் செத்தது. கையேடுகள் எல்லாம் ஒரே எச்சரிக்கையைத்தான் சொல்லின: சூடு ஆகாது, காலைக் குறட்டால் பிடித்துக்கொண்டு பற்றவையுங்கள், சூடு குறட்டுக்குள் போய்விடும். அந்த எச்சரிக்கையை மெக்கானிக்குகளுக்குத் தமிழில் சொன்னவளே நான். குறட்டால் பிடித்துத்தான் பற்றவைத்தேன். முடித்தவுடன் குப்பியைத் தொட்டும் பார்த்தேன், வெதுவெதுப்புக்கூட இல்லை.

செத்த இரண்டில் ஒன்றை அப்பா தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். அந்த மாதம் மேசையில் வைக்க அவரிடம் வேறொன்றும் இல்லை.

அந்த ஞாயிறு அவர் முறை வந்தபோது தீப்பெட்டியைத் திறந்து, அதைத் தாம் கெடுத்ததாகச் சொன்னார். அவசரத்தில் குறடு பிடிக்க மறந்துவிட்டதாகவும் சூட்டில் போய்விட்டதாகவும் சொன்னார். மேசையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள். கன்னிவாடி மெக்கானிக் கேலிசெய்தார்.

"அண்ணே, வால்வுக்கு வைக்கிற சூட்ட இதுக்கு வச்சா அது என்ன, பணியாரமா?"

சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். என்னைக் காப்பாற்றுவதாக அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த மேசையில் சொல்லப்படுவதை நம்பித்தான் அத்தனை கடைகளிலும் வேலை நடக்கிறது. நடக்காத ஒன்று அங்கே பாடமாகிக்கொண்டிருந்தது. அதோடு, என் கை செய்த வேலையிலிருந்து என் கை மறைந்துகொண்டிருந்தது. நன்றாகச் செய்தவை ஏற்கெனவே அவர் பெயரில் போயின. அதை நான் பொறுத்துக்கொண்டிருந்தேன். கெடுத்ததையும் எடுத்துக்கொண்டால் எனக்கென்று அங்கே எதுவுமே மிஞ்சாது.

எழுந்து நின்றேன். "அதை அப்பா கெடுக்கல. நான் கெடுத்தேன். சூட்டாலயும் கெடல."

அப்பா திரும்பவில்லை. தீப்பெட்டியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். தலைவர் மட்டும், சொல்லும்மா என்றார். குறடு பிடித்தது, குப்பி குளிர்ந்திருந்தது, சோதனைக்காகச் செட்டில் எர்த் கம்பி மாட்டியிருந்தது, இரண்டாவதும் அதேபோல் செத்தது என்று நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னேன். பழுதான சரக்கை மெட்ராஸ் வியாபாரி தலையில் கட்டிவிட்டான் என்றார் ஒருவர். பெண்பிள்ளைக்குக் கை நடுங்கியிருக்கும் என்றார் இன்னொருவர். நடுங்கவில்லை என்றேன்.

முலாம் பூசுகிறவர் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"ஏத்தா, அந்த அயன் இருக்குல்ல, அதை வெறுங்காலோட நின்னு தொட்டா சுருக்குனு இருக்குமா?"

பற்றவைக்கும் சூட்டுக்கோலைத்தான் அயன் என்றார். "லேசா இருக்கும். எல்லா அயனும் அப்படித்தான்னு நினைச்சேன்."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றார் கன்னிவாடிக்காரர். சிரிப்பு நின்றுபோயிருந்தது.

முலாம் தொட்டியில் மின்சாரத்தோடு பழகியவருக்குக் கசிவின் போக்கு தெரிந்திருந்தது. நமக்குச் சுருக்கென்று மட்டும் இருப்பது இந்தச் சின்னக் குப்பிக்கு இடி விழுந்ததுபோல என்றார்; அயனிலிருந்து கசியும் மின்சாரம் டிரான்சிஸ்டருக்குள் புகுந்து எர்த் கம்பி வழியே இறங்கியிருக்கும், அயன் சூடேறியதும் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பற்றவைத்துப் பார் என்றார். பழனிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏனுங்க, எனக்கும் இதே மாதிரி போச்சுங்க. கைப்பிசகுன்னு சொல்லுவீங்கன்னு வேற ஒண்ணக் கொண்டாந்து வச்சனுங்க."

தலைவர் அவரைக் கடிந்துகொண்டார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அயனைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நான் இன்னும் நின்றுகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. உட்காருவதாக இருந்தால் முக்காலி பின்னாலேயே இருந்தது.

"ஒரு விஷயம் முடியல" என்றேன். "கெடுத்தவங்கதான் வந்து சொல்லணும்ங்கிறது உங்க விதி. கெடுத்தவ நான். சொல்லிட்டேன். எனக்கு நாற்காலி வேணும்."

கன்னிவாடிக்காரர் சமாதானமாகச் சிரித்தார்.

"செட்டக் கெடுக்க நாங்க இம்புட்டு ஆம்பளைக இருக்கோம், பத்தாதா தாயி? நீ பாட்டுக்கு அங்கன உக்காந்து படிச்சுச் சொல்லு. டீ வந்துரும்."

கையேட்டை மேசையின் ஓரத்தில் வைத்தேன். "அப்படின்னா இதை இனிமே வேற யாராச்சும் படிக்கட்டும்."

அது மிரட்டல் அல்ல. மிரட்ட எனக்குத் தெரியாது. முக்காலியிலிருந்து படிப்பது இனி என்னால் முடியாது என்பதைத் தெரிவித்தேன். படிப்பதற்காக இடம் தருவதானால் அதுவும் எனக்கு வேண்டாம், கெடுத்ததற்காகத் தாருங்கள் என்று கேட்டேன். கல்யாணமாகிப் போய்விடுகிற பிள்ளைக்கு நாற்காலி எதற்கு என்று ஒருவர் தணிந்த குரலில் சொன்னார். கல்யாணமான நீங்கள் வரவில்லையா என்றேன். பழனிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

விதியில் ஆம்பளை என்று இல்லை, ஆனால் தாமாக முடிவு சொல்ல முடியாது என்று தலைவர், சம்மதிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார். முதலில் முலாம் பூசுகிறவர் தூக்கினார். பழனிக்காரர் தூக்கினார். சற்று நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், கன்னிவாடிக்காரர் தூக்கினார். இன்னும் சில கைகள் எழுந்தன. பெரும்பான்மை கிடைத்துவிட்டது என்றார் தலைவர்.

அப்பாவின் கைகள் இரண்டும் அவர் முழங்கால்மேலேயே இருந்தன.

சுவரோரம் கிடந்த நாற்காலியை எடுத்துப் போய் மேசையருகே போட்டு உட்கார்ந்தேன். நடந்தது இவ்வளவுதான்.

மறுநாள் அயனின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பற்றவைத்தேன், செட் பாடியது. அதை வாங்க வந்த விவசாயியின் காதுக்கு மாடியில் நடந்தது அதற்குள் எட்டியிருந்தது. யார் பார்த்த வேலை என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னறையிலிருந்து வெளியே வந்து, நான்தான் என்றேன். விவசாயி செட்டைக் காதில் வைத்துக் கேட்டார், திருப்பிப் பார்த்தார், கூலியைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுபடி எங்கள் கடைக்கு வரவில்லை. ஊரில் வேறு கடைகள் இருக்கின்றன.

"உங்கிட்ட கேட்டாரா? எங்கிட்டதானே கேட்டாரு" என்றார் அப்பா.

"நீங்க சொல்லலையே."

அவர் ஏன் கை தூக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விடையில் கொஞ்சம் வருத்தமும் கலந்து வரும், அந்த வருத்தத்துக்கு நான் இறங்கிப்போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும். பின்னறைக் கதவை மட்டும் அதன்பின் சாத்துவதில்லை. அப்பா ஓரிரு முறை வந்து சாத்திப் பார்த்தார். நான் எழுந்து போய்த் திறந்துவைத்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு, வழக்கம்போல் என்னை எதிர்பார்த்து அவர் வாசலில் நின்றார். நான் வருகிறேன், நீங்கள் போங்கள் என்றேன். ஒரு கணம் தயங்கிவிட்டு நடந்தார். சற்று விட்டு நானும் கிளம்பினேன். வெயிலில் எங்கள் ஊர் மலைக்கோட்டையின் பாறை வெளுத்துக் கிடந்தது. சாலையில் அப்பா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒருமுறை நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து, நான் எட்டிப்பிடிப்பதற்கு இடம் கொடுத்தார்.

நான் நடையை எட்டிப் போடவில்லை. அவர் நிமிர்ந்து நடந்தார்.