துத்தநாகம் தின்ற முயல்கள்

என் கணவர் மலாக்காவின் தெங்கேராவில் சப்பாத்துக் காலணி செய்யும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். ரப்பரோடு துத்தநாகத் தூளைச் சேர்த்து உருளையில் விட்டு அரைக்கும் வேலை. சாயங்காலம் காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். கிணற்றடியில் குளிக்காமல் உள்ளே வரக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். பசி வந்துவிட்டால் மனிதர் எந்தச் சட்டத்தையும் மதிக்க மாட்டார்.

எங்கள் மூத்த மகள் பிறந்தபோது மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் தைத்தார்கள். தையல் பிடித்த இடத்தில் உதடு சற்று மேலே இழுத்துக்கொண்டு நின்றது, பேச்சு மூக்கால் வந்தது. மற்றபடி அவளைப் போல் வாயாடி எங்கள் வீட்டு வரிசையிலேயே கிடையாது.

கணவரின் அக்கா, கணவனை இழந்தவர், எங்களோடுதான் இருந்தார். மகளை நான் சுமந்திருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. அன்று நான் அரிவாள்மனையில் உட்கார்ந்து மீன் அரிந்தேனாம், அதனால்தான் பிள்ளையின் உதடு அறுந்ததாம். மீன் அரிந்தது உண்மை. நாத்தனார் என்னைத் திட்டினதே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பரிதாபமாகச் சொல்வார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஓரிரு வருஷம் கழித்து நான் மறுபடி உண்டானேன். சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. காலையில் எழுந்தால் முதல் நினைப்பே உதடுதான். மீன் அரியும் வேலையையே நாத்தனாரிடம் விட்டுவிட்டேன். கிரகணம் பஞ்சாங்கத்தில் இல்லை என்று தெரிந்தும் மனது கேட்கவில்லை. அப்போதுதான் அந்த வெள்ளைத் தூள்மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது. குற்றம் என் கையில் இல்லாமல் அவர் சட்டையில் இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசையும் அதில் இருந்தது, மறைப்பானேன்.

“பிள்ளைக்குச் செரங்குக்குப் பூசுற களிம்புலயே இதான் இருக்கு. அது நல்லதாம், என் சட்டையில இருந்தா கெட்டதாமா?” என்றார் கணவர்.

என் தம்பி பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவன். எக்ஸ்ரே பட்ட ஈக்களுக்குப் பழுதான ஈக்கள் பிறக்கும் என்று எங்கோ படித்திருந்தான். சில ரசாயனங்களும் அப்படிச் செய்யுமாம். துத்தநாகம் செய்யுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். “சோதிச்சுப் பார்த்துடலாங்க்கா” என்றான்.

சோதனையை விளக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான். தூளை ஆண் முயலுக்குக் கொடுக்க வேண்டும், பெண்ணுக்குக் கூடாது. பழுது ஆணின் வழியாகக் குட்டிக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. இன்னொரு ஜோடிக்குத் தூளே காட்டக் கூடாது. அந்தக் குட்டிகளையும் இந்தக் குட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். “முயலுக்கு உதடு இயல்பாவே பிளந்துதான் இருக்கும். அதனால அண்ணத்தையும் கால் கையையும் பார்க்கணும். செத்துப் பொறக்குதான்னும் பார்க்கணும்” என்றான்.

இந்தப் பேச்செல்லாம் மகளை மடியில் வைத்துக்கொண்டுதான் நடந்தது. நாலு வயதை எட்டாத பிள்ளைக்கு என்ன புரியப்போகிறது என்று இருந்தோம்.

பக்கத்து வீட்டில் மலாயே பேச்சாகிப்போன சிட்டித் தமிழர் குடும்பத்து அம்மாவிடம் மலாயில் பேரம் பேசி இரண்டு ஜோடி முயல் வாங்கினோம். கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் தம்பி பலகை அடித்துக் கூண்டு செய்தான். கணவர் பட்டறையிலிருந்து ஒரு பொட்டலம் தூள் கொண்டுவந்தார். “அப்பன் தின்னுறதை முயலும் தின்னட்டும்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறும் தூளை முயல் மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதனால் தவிட்டில் குலா மலாக்கா வெல்லம் கரைத்து, தூளைக் கலந்து, இடது கூண்டு ஆணுக்கு வைத்தோம். வலது கூண்டு ஆணுக்கு வெறும் தவிடு. பெண்களைத் தனியாக வைத்திருந்து பிறகுதான் சேர்த்தோம்.

எனக்குக் குமட்டல் அதிகமானதால் தீனி வைக்கும் வேலையை நாத்தனார் ஏற்றுக்கொண்டார். அவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. முயலுக்குப் பூச்சி மருந்து என்று தம்பி சொல்லிவைத்தான். உண்மையைச் சொன்னால் தெருவே கூடிவிடும் என்று பயந்தோம்.

பெண் முயல்கள் மார்பு ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டத் தொடங்கிய பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு குட்டி கோணலாக வந்தாலும் என் வயிற்றில் இருப்பதும் அப்படித்தான் என்று தீர்மானித்திருந்தேன். அப்படி வந்தால் கணவர் பட்டறையை விட்டுவிடுவதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். ஆனால் வயிற்றில் இருப்பதை என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை.

இரண்டு கூண்டிலும் குட்டி போட்டன. தம்பி பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வாயைத் திறந்து பார்த்தான். இளஞ்சிவப்பாக, கண் திறக்காமல், எல்லாம் நெளிந்தன. ஒன்றுகூடக் கோணல் இல்லை. “எல்லாம் நல்லாருக்குக்கா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி” என்றான். நான் அப்படியே கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

நாத்தனாருக்கும் பெருமை தாங்கவில்லை. “நல்லா இல்லாம எப்படி இருக்கும்? ரெண்டுக்கும் ஒண்ணா கலந்துல்ல வச்சேன்.”

தம்பி குட்டியைக் கீழே வைத்தான். “என்னத்தைக் கலந்து வச்சீங்க?”

“ஒரே வீட்டுல ஒண்ணுக்குச் சக்கரைத் தவிடு, ஒண்ணுக்கு வெறுந்தவிடா? பந்தியில வஞ்சனை பண்ணலாமா தம்பி? அதுவும் புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிப் பிசைஞ்சு, நாலுக்கும் சமமா வச்சேன். இவ வயித்துல இருக்கிறதுக்கு ஒரு கொறையும் வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் வச்சேன்.”

கிரகணக் கதையை ஊரெல்லாம் சொன்ன அதே மனுஷிதான். அவர்மேல் கோபப்பட எனக்கு அன்று தெம்பு இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

“ரெண்டும் தின்னுச்சு, ரெண்டும் நல்லாப் பெத்துச்சு. எனக்கு அது போதும்” என்று கணவர் மறுநாளும் பட்டறைக்குப் போனார். தம்பி மட்டும் என்னிடம் பொய் சொல்லவில்லை. “எது எவ்வளவு தின்னுச்சுன்னே தெரியாது. தூளே தின்னாத ஒண்ணு இருந்தாத்தான் ஒப்பிட முடியும். நாலு முயலை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா.” மீதி மாதங்களை நான் எப்படியோ கழித்தேன். மூத்தவள் வாயைத் திறந்து சிரித்தால்கூட எனக்குப் பகீரென்றது.

மகன் ஒரு பகல்நேரத்தில் வீட்டிலேயே பிறந்தான். மருத்துவச்சி ஆணா பெண்ணா என்று சொல்வதற்குள் கதவுக்கு வெளியே இருந்து கணவரின் குரல் வந்தது. “உதடு?”

“முழுசா இருக்குடா. கிளி மூக்காட்டம் செவப்பா அழகா இருக்கு” என்று நாத்தனார் அழுதார். தம்பி ஓடிவந்து டார்ச்சு அடித்து அண்ணத்தைப் பார்த்தான். கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாரும் மாறி மாறி அந்தச் சின்ன உதட்டையே தொட்டுப் பார்த்தார்கள், நானும் தொட்டேன். இத்தனை மாதப் பயமும் கண்ணீராக வடிந்தது. நல்லவேளை, நல்லவேளை என்று எல்லார் வாயிலும் அதே பேச்சு.

அவர்கள் நகர்ந்த பிறகுதான் கட்டில் காலடியில் மகள் நிற்பதைப் பார்த்தேன். பக்கத்தில் வந்து குழந்தையின் உதட்டை நெடுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கு முன் அவள் அப்படிச் செய்ததே இல்லை. நான் கையை விலக்கிவிட்டேன். அவள் மறுபடியும் பொத்திக்கொண்டாள்.