நாலரை மணிச் சோறு

பாக்கியக்காவுக்குச் சதை போடுகிறது என்று அவளுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அவளுடைய ஜாக்கெட்டுகளைத் தைப்பவள் நான்தான். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரே காம்பவுண்டுக்குள் எங்கள் இரண்டு வீடுகளும் இருக்கின்றன. ஒன்றில் நான், என் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் மிஷின். இன்னொன்றில் அவள் மட்டும்.

எந்த ஜாக்கெட் தைத்தாலும் பக்கவாட்டில் கொஞ்சம் துணியை உள்ளே விட்டுத்தான் தைப்போம், பிறகு பிரித்துவிட வசதியாக இருக்கும் என்று. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு தையல் பிரித்தேன். அடுத்த ஈஸ்டருக்கு இன்னொன்று. அதற்கப்புறம் பிரிக்க எதுவும் மிச்சமில்லை.

"துணி சுருங்கிப்போச்சு மஞ்சு" என்பாள்.

"எல்லாத் துணியும் பேசி வெச்சினு சுருங்குதாக்கா?" என்று கேட்பேன். சிரித்துவிட்டு, அளவு எடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

அவளை முன்பு பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். ராஜா கோட்டை அடிவாரத்தில் வெள்ளரிப்பிஞ்சும் மாங்காய்த் துண்டும் விற்றவள் அவள். விடிந்ததும் தலையில் கூடையோடு கோட்டைக்கு நடப்பாள், பொழுது சாயும்போது நடந்தே திரும்புவாள். மிளகாய்த்தூள் போட்டுத் தரும் அந்தக் கையில் எலும்புதான் தெரியும். புருஷன் ஜோசப்ராஜ் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தபோது மகன் ஜெபின் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.

மழைக்காலத்தில் கோட்டைக்கு ஆள் வராது. ஆள் வராவிட்டால் வெள்ளரிப்பிஞ்சை யார் வாங்குவார்கள்? அந்த மாதிரி நாட்களில் இருக்கிற அரிசியைப் பொங்கிப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு, "நான் சாப்ட்டேன்டா" என்று சொல்லிவிடுவாள். பையனும் நம்பிக்கொண்டிருந்தான். நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் மறுசோறு போட்டுக்கொள்ளத் தானே எழுந்து போய்ப் பானையைத் திறந்திருக்கிறான். கழுவித் துடைத்த மாதிரி இருந்திருக்கிறது. மறுநாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"நீ ஒரு வாய் சாப்புடு. அப்பறம் நான் ஒரு வாய் சாப்புடறேன்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம். அவள் முன்னால் தட்டு இல்லையென்றால் அவன் தட்டில் கை வைக்கமாட்டான். ஐ.டி.ஐ. படிக்கப் போன பிறகும் அப்படித்தான். கல்யாணப் பந்தியில்கூட அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இலையைத் தொடுவான். "மாப்ளைக்கு ஊட்டி விடணுமா?" என்று நாங்கள் கேலி செய்வோம். பாவி, அசையமாட்டான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை கிடைத்துப் போனான். போன புதிதில் வீடியோ காலில் முகத்தைப் பார்த்தால் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சோறு இறங்கவில்லை என்றான். ஒரு ரூமில் பன்னிரண்டு பேர், ஆளாளுக்குக் கட்டிலில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்களாம்.

"நீ ஒரு தட்டு எடுத்துனு வாம்மா" என்றான்.

அங்கே ராத்திரி ஏழு மணி என்றால் இங்கே சாயங்காலம் நாலரை. அவனுக்கு அது ராத்திரிச் சாப்பாடு. அவளுக்கு அது ஒரு வேளையே இல்லை. மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டிருப்பாள், ராத்திரி எட்டு மணிக்கு மறுபடியும் சாப்பிட வேண்டும். ஆனாலும் மத்தியான மிச்சச் சோற்றில் இரண்டு கரண்டி போட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டு, ஃபோனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நடுவிலிருப்பது ஒரே சுவர்தானே, எனக்கு எல்லாம் கேட்கும்.

"இன்னா கொழம்பும்மா?"

"முருங்கக்கா. உனக்கு இன்னா குடுத்தான்?"

"கறின்னு எதையோ குடுத்திருக்கான். மஞ்சளா இருக்குது."

"கொஞ்சம் பெசைஞ்சி சாப்புடு. எடு, நானும் எடுக்கறேன்."

இதுதான் பேச்சு. அரைமணி நேரத்துக்கு இதையே பேசுவார்கள். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் வீட்டில் நாலு பேர் இருக்கிறோம், ஆளுக்கொரு நேரத்தில் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

முதல் சம்பளம் வந்ததுமே, இனிமேல் கூடையைத் தூக்கக் கூடாது என்று அவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். வெயிலில் வாடியவள் நிழலில் உட்காரட்டும் என்று நினைத்திருக்கிறான். அதில் தப்பு சொல்ல முடியுமா? நடை நின்றது, சோறு கூடியது. இரண்டும் அவன் பாசத்தால் வந்தவைதான்.

போன வருஷம் முட்டி வலி ஆரம்பித்தது. கோயிலில் எல்லோரும் முழங்கால் போடும்போது இவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். கெஞ்சிக் கூத்தாடி ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எடை மிஷின் எழுபத்து நாலு காட்டியது.

"மிஷின் ரிப்பேரா இருக்கும்" என்றாள் பாக்கியக்கா.

அங்கே சாப்பாட்டு முறை சொல்லித்தர ஜெயஸ்ரீ என்று ஒரு பெண் இருந்தாள். பொறுமைசாலி. "காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்புடறீங்கம்மா, சொல்லுங்க" என்றாள்.

"காலைல ரெண்டு இட்லி. மத்தியானம் கொஞ்சம் சோறு. ராத்திரி ஒரு தோச, இல்லன்னா கஞ்சி. அவ்ளோதாம்மா."

ஜெயஸ்ரீ குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த நாலர மணிச் சோத்த ஏங்கா சொல்லல?" என்றேன்.

பாக்கியக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் மறைக்கவில்லை. நான் எதைப் பற்றிக் கேட்கிறேன் என்பதே அவளுக்குப் புரியவில்லை.

"அது சாப்பாடாடி? அது ஃபோன் பேசறது" என்றாள்.

ஜெயஸ்ரீ சிரிக்கவில்லை. "உடம்புக்கு அது தெரியாதும்மா" என்றாள். "தேவைக்கு மேல தினம் ஒரு கைப்பிடி சோறு உள்ள போனாலே மாசத்துக்கு அரைக்கிலோ ஏறும். ஒரு நாள்ல தெரியாது, ஒரு மாசத்துலயும் தெரியாது. மூணு நாலு வருஷம் கழிச்சி முட்டிதான் சொல்லும். நீங்க பட்டினி கிடக்க வேணாம். அந்த ஒரு நேரத்த மட்டும் விட்ருங்க, கொஞ்சம் நடங்க."

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் பாக்கியக்கா, "நான் நிறுத்தினா அவன் சாப்புட மாட்டான்" என்றாள்.

"இருபத்தாறு வயசு ஆம்பள. பசிச்சா தானா சாப்புடுவான்" என்று கத்தினேன்.

ஆனாலும் முயற்சி செய்தாள். மறுநாள் தட்டில் பேருக்கு நாலு பருக்கையைப் போட்டுக்கொண்டு, வெறும் கையை வாய்க்குக் கொண்டுபோய் மென்றாள். நடிப்பு வந்தால்தானே! "இன்னாம்மா, மெல்றியா முழுங்கறியா?" என்று இரண்டாம் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டான். தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்கப் போன நான் அப்போது வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"எனக்கு வேணாம்டா. நான் மத்தியானமே சாப்ட்டேன்" என்றாள்.

ஃபோனில் தெரிந்த அந்தப் பிள்ளையின் முகம் மாறியதை என் கண்ணால் பார்த்தேன். மீசை வைத்த முகம் அப்படியே நாலாம் வகுப்புப் பையனின் முகமாகிவிட்டது.

"பானைய காட்டு" என்றான்.

அவள் எழுந்து போய்க் காட்டினாள். பானையில் சோறு இருந்தது. "எனக்குக் காட்டறதுக்குன்னே வெச்சிருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?" என்றவன், தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஃபோனை வைத்துவிட்டான். மறுநாளும் பேசினான், சாப்பிடவில்லை. அதற்கு மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் குழம்புப் பேச்சு கேட்டது. அவள் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் நேராக உள்ளே போய்ச் சண்டை பிடித்தேன். "உனக்குக் கால் வேணுமா வேணாமா?"

"கால வெச்சினு இன்னா பண்ணப் போறேன் மஞ்சு?" என்றாள், சாந்தமாக. "எங்க நடந்து போவணும் நானு? நாள் பூரா என்கூடப் பேச யாரு இருக்காங்க? அந்த ஒரு நேரம்தான். அதுலயும் சாப்டியா, இன்னா கொழம்புன்னுதான் அவனுக்குப் பேசத் தெரியும். எனக்கும் அதான் தெரியும். சோத்த எடுத்துட்டா நாங்க இன்னா பேசறது?"

திரும்பி வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவளுக்கு, எங்கள் காம்பவுண்டு வாசலில் இருக்கும் இரண்டே படியை ஏற முடியவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தோம். முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"லீவு கெடச்சி அவன் வரும்போது நான் படுத்த படுக்கையா கிடந்தா அந்தப் புள்ள தாங்குவானா?" என்று மட்டும் கேட்டாள்.

மத்தியானம் முழுக்க அவளோடுதான் இருந்தேன். நாலரைக்கு ஃபோன் அடித்தது. "அந்த அலமாரி மேல நிக்க வெய்யி மஞ்சு" என்றாள். எண்ணெய்ப் பாட்டிலில் சாய்த்து நிறுத்தினேன். இத்தனை வருஷமும் ஃபோனை அவளேதான் பிடித்திருப்பாள், நெற்றியிலிருந்து தாடைவரை முகம்தான் திரை நிறைய இருக்கும். அதற்குக் கீழே இருக்கும் அம்மாவை, நாலு வருஷமாக ஊருக்கே வராத அவன் பார்த்ததே இல்லை.

அவள் நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். தலையிலிருந்து பாதம்வரை தெரிகிற மாதிரி பின்னால் தள்ளிப்போய் நின்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, நின்று, மறு காலை இழுத்து, அறையின் அந்தக் கோடிவரை நடந்து காட்டினாள்.

"பாத்தியா?" என்றாள். "அப்ப உன்கிட்ட பொய் சொன்னேன் ஜெபின். இப்ப பொய் இல்ல. நான் நெஜமாவே சாப்ட்டேன்டா. ரொம்ப சாப்ட்டேன்."

"எனக்காகவா?" என்றான் அவன்.

"நீ சாப்புடு. நான் பாத்துனு இருக்கேன்."

தட்டை அருகே இழுத்தான். புறங்கையால் மூக்கைத் துடைத்தான். பிறகு ஒரு வாய் எடுத்தான், எங்களைப் பார்க்காமல் மென்றான். இன்னொரு வாய். பாக்கியக்கா நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவன் விழுங்குகிற ஒவ்வொரு வாயையும் பார்த்தாள்.

தனியாகச் சாப்பிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்போல. தட்டு காலியானதும் அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

"சரிம்மா. வெச்சிடட்டா?"

"வெய்ப்பா."

மணி இன்னும் ஐந்து ஆகவில்லை. காப்பி போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். பக்கத்திலிருந்து என் பிள்ளைகள் கூப்பிட்டார்கள், போக வேண்டியிருந்தது. வாசலில் திரும்பிப் பார்த்தபோதும் பாக்கியக்கா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்துபோய்க் கழுவி வைக்க ஒரு தட்டுகூட அவளுக்கு இல்லை.