மூத்தாளிடம் அக்கா கேட்ட கேள்வி

அந்த நாவலை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். யுத்தகாலத்துக் காகிதம், இந்தப் பக்கத்தில் அடித்த எழுத்து அந்தப் பக்கத்தில் தெரியும். இரண்டையும் கலந்து படித்தாலும் கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஒரு ஜமீன்தார். மலைமேல் பங்களா. முதல் மனைவி மர்மமாக இறந்துவிட்டாள். ஜமீன்தார் இன்னொரு பெண்ணைக் காதலித்து மணந்துகொள்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் பூட்டிய அறையிலிருந்து மல்லிகை வாசனை வருகிறது, வீணை தானாக வாசிக்கிறது, வெள்ளைச் சேலையில் ஓர் உருவம் மாடிப்படியில் இறங்குகிறது. கதாநாயகி மூர்ச்சையாகிறாள். முதல் பாகத்தில் மட்டும் ஏழு தடவை மூர்ச்சையானாள், எண்ணிப் பார்த்தேன். புருஷனே கொலைகாரனோ என்று அவளுக்குச் சந்தேகம். அவனிடம் கேட்கிறாளா என்றால் இல்லை. கேட்டால் கதை முப்பதாம் பக்கத்தில் முடிந்துபோகும். எழுதியவருக்கு அது நன்றாகத் தெரியும். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்காத பைத்தியங்களை வைத்து இருநூறு பக்கம் ஓட்டுவதற்குப் பெயர் மர்மமாம்.

நான் அப்போது தருமபுரியில் ஹைஸ்கூலை முடித்துவிட்டு மாரண்டஹள்ளியில் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அச்சில் எது வந்தாலும் உடனே படித்து, உடனே திட்டிவிட வேண்டும் எனக்கு. மத்தியானத்தில் அக்கா விதைக்கடலை உரிப்பாள். நான் உரக்கப் படிப்பேன், நடுநடுவே கேலி செய்வேன். அவள் சிரிக்கவே மாட்டாள். உரித்த கடலை மடியிலேயே கிடக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து அவளுக்கு வரன் வந்தது. அக்காவுக்கு இருபத்து மூன்று வயது. ஜாதகத்தில் செவ்வாய் என்று வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போயிருந்தார்கள். இவர் மனைவியை இழந்தவர், நிலம் உண்டு, ஜாதகம் கேட்கவில்லை. அம்மா தேதியே குறித்துவிட்டாள்.

"மொத பொண்டாட்டி எப்பிடிச் செத்தாளாம்?" என்று கேட்டாள் அக்கா.

"விதி முடிஞ்சுது, போய்ட்டா. அதையெல்லாமா போயி கேப்பாங்க?"

"ஜமீன்தாரும் அதையேதான் சொன்னாரு."

"எந்த ஜமீன்தாருடி?"

அம்மா என்னைப் பார்த்தாள். அன்று எனக்கு விழுந்த திட்டை அந்த நாவலாசிரியருக்குத் தபாலில் அனுப்பியிருக்க வேண்டும்.

"அக்கா, அத்தனையும் புளுகு. அந்த ஆளு பேயையும் பாத்ததில்ல, ஜமீனையும் பாத்ததில்ல" என்றேன்.

"பேய் புளுகாவே இருக்கட்டும்டா. செத்தவ நெசந்தானே?" என்றாள். "எப்பிடிச் செத்தான்னு சொல்லாத வூட்டுல நான் கழுத்த நீட்டமாட்டேன்."

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கல்யாண வேலையைப் பார்த்தாள்.

எங்கள் பக்கத்தில் தாலியோடு செத்தவள் குலதெய்வம் மாதிரி. பூவாடைக்காரி என்று பெயர். வீட்டில் கல்யாணம் என்றால் அவளைக் கிணற்றடியில் பம்பை மேளம் அடித்து அழைத்து, புடவை வைத்து, கும்பத்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் மற்றதெல்லாம். இரண்டாம் தாரமாகப் போகிறவள் நேரில் வந்து மூத்தாளைக் கும்பிட்டு உத்தரவு வாங்க வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டு வழக்கம். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அம்மாவும் நானும் அக்காவை அங்கே அழைத்துப்போனோம்.

கிணற்று மேட்டில் பம்பை அரை மணி நேரம் முழங்கியது. மாப்பிள்ளையின் அக்காளுக்கு அருள் வந்தது.

"வந்தது யாரும்மா?" என்றார் பம்பைக்காரர்.

"இந்த வூட்டு மூத்த மருமவ."

"என்ன கொறை தாயே?"

"என் பச்சப் புடவைய எவளோ கட்டிக்கிட்டுத் திரியறா."

எல்லோரும் மாப்பிள்ளையின் தம்பி மனைவியைப் பார்த்தார்கள். அவள் பச்சைப் புடவையில்தான் நின்றிருந்தாள். "நாத்தனாருக்கு அந்தப் பொடவ மேல மொதல்ல இருந்தே கண்ணு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். எனக்குச் சிரிப்பு முட்டியது. பரலோகத்திலிருந்து ஒருத்தி வருவதே ஒரு புடவைச் சண்டைக்கு. ஆனாலும் ஜமீன் பேயைவிட இது எவ்வளவோ மேல். தனக்கு என்ன வேண்டும் என்று இதற்குத் தெரிந்திருந்தது.

"கல்யாணத்துக்கு உத்தரவா தாயே?" என்று பம்பைக்காரர் தொடங்கும்போது அக்கா முன்னே போனாள்.

"நீ எப்பிடி செத்த?"

பம்பை நின்றது. பூவாடைக்காரியிடம் என்ன வேண்டும் என்று கேட்பார்கள், உத்தரவா என்று கேட்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அருள் வந்தவள் கண்ணைத் திறந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள், மறுபடியும் மூடிக்கொண்டாள்.

"சாமிய எதுக்குங்க கேக்கறீங்க? என்னக் கேளுங்க" என்றார் மாப்பிள்ளை. அதுவரை அவர் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

"சும்மா இருடா" என்றாள் அவருடைய தாய்.

"காய்ச்சலுங்க. மூணு நாளு. தருமபுரி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொன்னா. அப்பத்தான் மழ பேஞ்சு மண்ணு ஈரமா இருந்துச்சு, மாடு ரெண்டும் ஏர்ல இருந்துச்சு. உழவு முடியட்டும், நாளைக்குப் போலாம்னு சொன்னேன். நாலாம் நாளு கட்டுனேன். பாதி வழிக்கு மேல போவல."

யாரும் மூர்ச்சையாகவில்லை. எனக்கு ஜமீன்தார்மேல் வராத கோபம் இந்த ஆள்மேல் வந்தது. நாவலில் விஷம் வைத்துக் கொல்பவனுக்காவது ஒரு ஆத்திரம் இருக்கும். இவர் கொஞ்சம் ஈரமண்ணுக்காக ஒருத்தியைக் காக்கவைத்திருக்கிறார்.

"வாக்கா, போலாம்" என்றேன்.

அக்கா அசையவில்லை. "இன்னொருக்கா மழ பேஞ்சா?" என்று அவரிடம் கேட்டாள்.

"உழவு கெடக்கும். வண்டிதாங்க கட்டுவேன்."

"இப்ப அப்பிடித்தான் சொல்லுவாரு" என்றேன்.

"பொய் சொல்ற ஆளு காய்ச்சல்னு சொல்லி நிறுத்தியிருப்பாருடா. மாட்டையும் ஏரையும் எதுக்கு சொல்லணும்?" என்றாள் அக்கா. ஒப்புக்கொண்டதாலேயே ஒருவன் நல்லவனாகிவிடுவானா என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

அக்கா கும்பத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். உத்தரவு வந்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. எழுந்து, கும்பத்தைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டைப் பார்த்து நடந்தாள். பம்பைக்காரர் அவசரமாகக் கோலை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஓடினார்.