யோசித்துப் பேசுகிற மாப்பிள்ளை

நோர்வே மாப்பிள்ளையின் சம்பந்தம் வந்த காலத்தில் நான் சண்டிலிப்பாயில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலை முழுக்கச் சின்னப் பிள்ளைகளோடு கத்திக்கொண்டு நிற்பவளுக்கு ஆறுதலாக, மெல்லக் கதைக்க வருமா? அம்மா அடிக்கடி சொல்வார்: "பிள்ளை, மூச்சு விட்டுக் கதை."

சாதகம் பொருந்தியது. படமும் பிடித்தது. இனி இரண்டு பேரும் கதைத்துப் பார்க்கட்டும் என்று இரு வீட்டாரும் சொன்னார்கள். முந்தி வெளிநாட்டுக்குக் கதைப்பதென்றால் போன் காட் வாங்கி, நம்பரைச் சுரண்டி, நிமிடம் கரையக் கரையப் பதைபதைத்துக் கதைக்க வேண்டும். சுகமோ, சுகம், வைக்கிறன் என்பதோடு சரி. எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. வீட்டில் வைஃபை பெட்டி இருந்தது. இன்டர்நெட் கோலில் எவ்வளவு நேரமும் கதைக்கலாம், முகத்தையும் பார்க்கலாம்.

முதல் கோல் எடுத்த நாள் அப்பா போனை மேசையில் ஒரு செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, நோர்வேக்கே கேட்கட்டும் என்ற மாதிரிக் கத்தினார்.

"தம்பி, கேக்குதோ?"

அந்தப் பக்கம் அமைதி. பிறகு, "ஓம் மாமா, கேக்குது."

"அங்கை இப்ப குளிரோ?"

திரும்பவும் அமைதி. மாப்பிள்ளை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓம் மாமா, நல்ல குளிர்."

போனை வைத்ததும் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். "பொடியன் யோசிச்சுத்தான் வாய் திறக்கிறான். இந்தக் காலத்திலை ஆர் யோசிக்கினம்?" என்றார். குளிரைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. "நிதானமான பிள்ளை," என்றார் அம்மா.

எனக்கும் அந்த நிதானம்தான் பிடித்தது. பின்னேரங்களில் அவர் அங்கே காலை வேலை முடிந்து வந்து எடுப்பார். நான் ஏதாவது கேட்டால் ஒரு கணம் பேசாமல் இருப்பார். என் கேள்வியை உள்ளே வைத்துப் புரட்டிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். சில வேளை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்கள் சொல்லுங்கோ", "இல்லை, நீங்கள்" என்று இழுபடுவோம். அதனால் நானும் அவர் முடித்துவிட்டார் என்று நிச்சயமான பிறகுதான் வாயைத் திறக்கப் பழகினேன். என் பேச்சு குறைந்ததைக் கண்டு அம்மா தான் கோயிலில் வைத்த நேர்த்தி பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்.

ஒரு பின்னேரம் அவர் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தயங்கினார். பிறகு கேட்டார்: "நேரடியாவே கேக்கிறன். உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கோ?"

நான் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். கரண்ட் போய்விட்டது. விளக்கு அணைந்தது, வைஃபை பெட்டி அணைந்தது, அவர் முகம் போன இடத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டு நின்றது. வீட்டில் வைஃபை இருக்கிற தைரியத்தில் நான் போனுக்கு டேட்டா போட்டு வைப்பதே இல்லை. ஒரு மனிதர் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டு, பெண் பேசாமல் கோலைத் துண்டித்தால் என்ன நினைப்பார்? அழுகை முட்ட முற்றத்துக்கு ஓடினேன்.

அங்கே பீற்றூட்டில் மண் கழுவிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மோனை?"

சொன்னேன். வெட்கத்தைப் பார்க்க நேரமில்லை. அப்பா கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை உருட்டி வந்தார். "ஏறு," என்றார்.

பண்டத்தரிப்புச் சந்திப் பக்கமாக ஒரு பலசரக்குக் கடையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவர். "அவசரமாக் கதைக்க வேணும், உங்கடை வைஃபையை ஒருக்கால் தாங்கோ," என்றார் அப்பா. என்ன அவசரம் என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஒரு வாழைக்குலையை ஆராய்ந்தார்.

கோல் கிடைத்தது. ஆனால் ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"கரண்ட் போயிட்டுது!" என்று கத்தினேன். "அதுதான் கோல் நிண்டது!"

"என்ன? கேக்கேல்லை!"

"கரண்ட்! நீங்கள் கேட்டதுக்கு ஓம்! பிடிச்சிருக்கு!"

சாமான் வாங்க வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். போனில் அவர் முகம் அசையவில்லை. கடைக்காரரின் கையில் சீனி போட்ட பை தராசுக்கு மேலே தொங்கியது.

பிறகு அவர் சிரித்தார், பல்லெல்லாம் தெரிய. "எனக்கும்!" என்று அவர் கத்தியது ஜெனரேட்டரையும் மீறிக் கேட்டது. ஒரு கிழவர் கைதட்டினார். கடைக்காரர் ஒரு சோடாவை உடைத்து என் கையில் தந்தார். அப்பா அந்த வாழைக்குலையை முழுதாக வாங்கிக்கொண்டு திரும்பினார். திரும்பும் வழியில் சைக்கிள்காரர்களுக்கெல்லாம் ஹோன் அடித்துக்கொண்டு வந்தார்.

கலியாணத்துக்கு நாள் வைத்த பிறகு அவர் வந்தார். கொழும்பிலிருந்து ரயிலில் வந்து சுன்னாகத்தில் இறங்கினார். நாங்கள் மூன்று பேரும் மேடையில் நின்றோம். பெட்டியைக் கீழே வைக்க முதலே தொடங்கிவிட்டார்.

"வணக்கம் மாமா, சுகமோ, மாமி நீங்கள் போனிலை பாத்ததைவிட மெலிஞ்சு போனியள், ரயில் நல்ல வசதி, வழியிலை வடையும் வாங்கிச் சாப்பிட்டனான், வெயில் என்ன இப்பிடிக் கொளுத்துது, ஒட்டோ பிடிப்பமோ..."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என் காதருகே வந்து, "பிள்ளை, போனிலை கதைச்சவர்தானோ உவர்?" என்று கேட்டார்.

எனக்கும் அரை நாள் பயம் பிடித்துத்தான் இருந்தது. நான் ஓம் என்று சொன்னது வேறு யாருக்கோ என்று ஒரு எண்ணம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் புகையிலைத் தோட்ட வரம்பில் நடந்தோம். நான் பயத்தில் தொடங்கி என் வழக்கமான வேகத்துக்கு வந்துவிட்டேன். அவரும் நிறுத்தவில்லை. ஒருவர் பேச்சில் மற்றவர் விழுந்து விழுந்து கதைத்தோம். திடீரென்று அவர் நின்றார்.

"நீங்கள் இவ்வளவு கெதியாக் கதைப்பியளோ? அமைதியான பிள்ளை எண்டு நான் அங்கை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்!"

"நானோ? நீங்கள்தானே ஒவ்வொண்டையும் யோசிச்சு யோசிச்சுச் சொன்னியள்!"

"நான் எங்கை யோசிச்சன்? உங்கடை குரல் வந்து சேரவே அவ்வளவு நேரம்!"

அப்போதுதான் விளங்கியது. வெளிநாட்டில் இருக்கும் தங்கள் பிள்ளைகளோடு கதைக்கும் அயலட்டைச் சனத்துக்கெல்லாம், "லைன் சுணங்குது, பொறுத்துக் கதையுங்கோ" என்று புத்தி சொன்னவள் நான். என் மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் அந்தச் சுணக்கத்தைக் குணம் என்று எடுத்துவிட்டேன். வரம்பில் குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அவரை உண்மையாகவே பிடித்தது என்று நினைக்கிறேன்.

கலியாணம் முடிந்து, இப்போது அவர் அங்கே, நான் இங்கே விசாவுக்குக் காத்திருக்கிறேன். கரண்ட் போனால் இன்னும் கோல் நின்றுபோகிறது, ஆனால் இப்போது டேட்டாவும் போட்டு வைத்திருக்கிறேன். நேற்று அவர் போனைக் குசினி ஜன்னலில் வைத்துவிட்டு மீன் வெட்டினார். நான் இங்கே முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காகிதப் பூ வெட்டினேன். கனநேரம் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. அதைக் கண்ட அம்மா, சண்டையோ என்று கேட்டார்.

"இல்லையம்மா," என்றேன். "சும்மா இருக்கிறம்."