பேச்சை நிறுத்திய பெட்டி

அந்த பார்சல் ஆபீஸில் எல்லோரும் அவனை "போர்டு" என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டுப்போன மதர்போர்டை மூக்குக்கு நேரே பிடித்து முகர்ந்து பார்த்தே எந்த மூலையில் கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவான் என்பதால் ஒட்டிக்கொண்ட பேர். அங்கே அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவனுடைய அக்காதான்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அக்காவுக்குக் கண் போய்விட்டது. ஆனால் புக்கிங் மேஜையில் அவள் வேகத்துக்குக் கிட்டே யாரும் வர முடியாது. ஒரு காதில் டெலிபோன், மறு காதில் இயர்போன். அது டாஸ் காலம். கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள்தான் ஓடும். அவளுடைய கம்ப்யூட்டருக்குள் நீளமான கார்டு ஒன்று செருகியிருந்தது. அதிலிருந்து ஒயர் வந்து, சோப்பு டப்பா அளவிலான ஒரு பேசும் பெட்டியில் சேரும். திரையில் எது வந்தாலும் மூக்கடைத்த குரலில் அது படித்துச் சொல்லும்.

"உங்க மாமாகூட நான் சொல்றத இவ்வளவு ஒழுங்கா திருப்பிச் சொல்ல மாட்டார்டா" என்று அக்கா சிரிப்பாள்.

தம்பிக்கோ புதிய பிராசசர் என்றால் உயிர். எந்த சிப் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். விண்டோஸ் வந்ததும் மற்ற மேஜைகளில் ஒவ்வொன்றாக மாற்றினான். மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் காஷியர் அதைத் திரைமேலேயே வைத்துத் தேய்த்ததைச் சொல்லிச் சொல்லி ஆபீஸே சிரித்தது. அக்காவின் மேஜையில் மட்டும் பழைய டாஸ் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள், எல்லா மெஷினையும் மாற்றிவிடலாம் என்று மேனேஜர் சொன்னார். எதை வாங்குவது என்பதை அவனிடமே விட்டுவிட்டார். சப்ளை செய்பவர் இரண்டு போர்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"இதுல பழைய நீள ஸ்லாட் ஒண்ணு இருக்கு, பிராசசர் கொஞ்சம் மெதுவு. அதுல ஸ்லாட் கிடையாது, ஆனா பறக்கும். பழைய கார்டு ஏதாவது மாட்டணுமா தம்பி?"

அக்காவின் கார்டு அவனுக்கு நினைவுக்கு வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. முதல் வகையில் ஒன்றே ஒன்று வாங்கினால் போதும், கார்டும் உட்காரும், டாஸும் ஓடும் என்பதும் தெரிந்தது. ஆனால் பத்து மெஷினும் ஒரே மாதிரி பறக்கப் போகிற அழகில் அவன் கண் நின்றுவிட்டது. அக்கா விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பறக்கறதையே குடுங்க."

அக்காவின் கார்டையும் பெட்டியையும் மட்டும் அவன் கழற்றி வைத்துக்கொள்ள, பழைய மெஷின்களை எக்ஸ்சேஞ்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை அக்கா இயர்போனை மாட்டிக்கொண்டு விசைகளைத் தட்டினாள். திரும்பவும் தட்டினாள்.

"தம்பி, பெட்டி பேசலையே?"

"புது கம்ப்யூட்டர்ல அந்தக் கார்டு உக்காராதுக்கா. இப்ப வர்றது எல்லாமே அப்படித்தான். யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

வாய் கூசாமல் வந்த பொய். அக்கா அதை நம்பினாள். "காலம் மாறினா நாம என்ன செய்ய" என்று கார்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் போனில் கேட்டதைப் பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்ல, அவள் டைப் அடித்தாள். நாளாக ஆக, போன் நேராகப் பக்கத்து மேஜைக்கே போயிற்று. சும்மா உட்கார்ந்திருக்க அக்காவுக்குப் பிடிக்கவில்லை. யாரும் போகச் சொல்வதற்குள் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள். அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், அவள் பேசிக்கொண்டிருக்க, அவள் விரல்கள் சாப்பாட்டு மேஜைமேல் எதையோ டைப் அடித்துக்கொண்டிருக்கும். பாதிச் சோற்றிலேயே அவன் எழுந்துவிடுவான்.

விண்டோஸிலேயே திரையைப் படித்துச் சொல்லும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன என்று அவனுக்குத் தெரியவந்தது. சந்தோஷமாக ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டிய செய்தி. ஆனால் சொன்னால், "இது எப்ப வந்ததுடா?" என்று அவள் கேட்பாள், ஒன்றைத் தொட்டு ஒன்றாக அந்த போர்டு வரைக்கும் போய் நிற்கும். நாளைக்குச் சொல்லலாம், பண்டிகை கழித்துச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனதில் வருடங்கள் ஓடிவிட்டன. ஏதோ ஆசையில் செய்த தப்பு என்று முதல் தப்பையாவது சமாதானம் சொல்லிப் பார்க்கலாம். இதற்கு அப்படிச் சொல்லிக்கொள்ள அவனால் முடியவில்லை.

கடைசியில் மாமா வாங்கிக் கொடுத்த போன் அவளிடம் பேசியது. எல்லாவற்றையும் அதிலேயே கற்றுக்கொண்டு, புள்ளி எழுத்துகள் விரலுக்கடியில் எழும்பும் ஒரு பிரெயில் பலகையையும் வாங்கியிருந்தாள். "லேப்டாப் வாங்கணும், கூட வாடா" என்று கூப்பிட்டாள்.

கடையில் அவன் கை புது வகையின் பக்கமே போயிற்று. "இது போன்ல இருக்கற மாதிரி சிப்புக்கா. சூடே ஆகாது, நாள் பூரா சார்ஜ் நிக்கும்."

அக்கா அவனை விட்டுவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டாள். "இதுல என் பலகை வேலை செய்யுமா?"

"அந்தப் பலகையை ஓட்டற சாஃப்ட்வேர், டிரைவர்னு சொல்வாங்க, அது இதுக்கு இன்னும் வரலம்மா. பழைய வகை சிப்புன்னா ஓடும்."

"அப்ப பழைய வகையே குடுங்க. சூடானா ஆகட்டும், மடியிலயா வெச்சுக்கப்போறேன்?"

ஒரே ஒரு கேள்வி. அன்று சப்ளை செய்பவர் கேட்டு, அவன் தட்டிக்கழித்த அதே கேள்வி. வெளியே அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்துவந்தபோது, இரண்டு போர்டு கதையையும், தெரிந்தும் மறைத்த வருடங்களையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டான்.

அவன் முழங்கையிலிருந்து அக்காவின் கை விலகியது. மடக்குக் கோலை விரித்துத் தட்டிக்கொண்டு தானாகவே கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு நின்றாள்.

"என்னைக் கேட்டிருந்தா, புதுசே வாங்கிக்கடா, எனக்கு வேற வழி பாத்துக்கலாம்னு நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கேக்கவே இல்லையேடா."

"தப்புதான்க்கா."

"தப்புதான்" என்றாள் அவளும். இல்லை என்று சொல்லவில்லை.

இப்போது அவள் வீட்டிலிருந்தபடியே வேறொரு கம்பெனிக்கு ஆர்டர் எடுக்கிறாள். அவன் போனால் டீ வருகிறது, பேச்சும் வருகிறது. ஒருநாள் லேப்டாப் மணியடித்ததைக் கேட்டு, "அப்டேட் வந்திருக்குக்கா. போடவா?" என்று கை நீட்டினான்.

"நீ டீயைக் குடி. அதுல என்னென்ன மாறுதுன்னு படிச்சுப் பாத்துட்டு நானே போட்டுக்கறேன்."

நீட்டிய கையை மடக்கி அவன் டம்ளரை எடுத்துக்கொண்டான்.