போஸ்டரில் அழுகிறவள் நான்தான், அந்தச் சாட்சி என்னுடையதல்ல

ஜெபத்துக்குப் பதில் உண்டு என்று நம்புகிற உங்கள் எல்லோருக்கும், மூணாறுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டிலிருந்து பிரிஸ்கா எழுதுகிறேன். ஆண்டவர் செய்ததைச் சபையில் சொல்கிற நல்ல சாட்சி என்றால் முதலில் அழுகை, கடைசியில் சிரிப்பு. என்னுடையது அப்படி ஒழுங்காக வராது. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் என் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். அங்கிருந்து வாளையார் தாண்டிக் கோயம்புத்தூர் போக பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு துணிக்கடை விளம்பரத்துக்கு மாடல் தேடுகிறார்கள், போட்டோ ஆல்பத்தோடு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு வந்த முதல் அழைப்பு அது. பஸ் ஸ்டாப் சுவரில் ஒரு நற்செய்திக் கன்வென்ஷன் கூட்டத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தது. அதில் நான் அழுதுகொண்டிருந்தேன்.

படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: "மூன்று முறை கரு கலைந்த சகோதரி மெர்சி, மருந்தில்லாமல் ஜெபத்தால் தாயானார்!"

எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. துப்பட்டாவால் முகத்தை மூடப் போனேன். அதற்குள் ஒரு கை என் கையைப் பிடித்தது.

"ஏனுங்க, அந்தப் படத்துல இருக்கறது நீங்கதானுங்களே?"

முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அக்கா. பெயர் பூங்கொடி என்று பிறகு தெரிந்துகொண்டேன். கண்ணெல்லாம் தண்ணீர்.

"எனக்குக் கலியாணமாயி ஒம்பது வருசமாச்சுங்க. பாலக்காட்டு ஆசுபத்திரியில மருந்து சாப்பிட்டுட்டு இருந்தேன். உங்க படத்தப் பாத்த அன்னிக்கே எல்லாத்தையும் நிறுத்திப் போட்டேனுங்க. மருந்தில்லாமயே உங்களுக்குக் கெடச்சுதில்லீங்க? எனக்கும் கெடைக்கும்னு நம்பிக்கை வந்துருச்சுங்க."

அந்தச் சாட்சி பொய் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும், அவர் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய பஸ் வந்தது. "கூட்டத்துல பாக்கறேனுங்க" என்று ஏறிப் போய்விட்டார். என் பஸ்ஸும் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அந்தப் படம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்து ரிசார்ட்டில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். அம்மா கொழுந்து பறிக்கிறார். நான் கொஞ்சம் உயரம், நல்ல கறுப்பு. மாடல் ஆக வேண்டும் என்ற ஆசையை வெளியில் சொன்னால் சபையில் சிரிப்பார்கள் என்று ஆண்டவரிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் துணிந்து கொச்சியில் ஒரு ஏஜென்சிக்கு ஆல்பத்தைக் கொண்டு போனேன். நாற்பது படம். அங்கிருந்த மேடம் சீட்டுக்கட்டு தள்ளுவது போலத் தள்ளினார். எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு, ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவுக்கு எடுத்தது மாதிரி இருக்கிறது என்றார். பன்னிரண்டு போதுமாம். அதில் இரண்டு, மேக்கப் இல்லாமல் நேராகவும் பக்கவாட்டிலும். ஒன்று முழு உயரத்துக்கு. முக்கியமாக, சிரிப்பைத் தவிர வேறு உணர்ச்சி இருக்கிற படங்கள் வேண்டும். சரி, திருத்திக்கொண்டு வருகிறேன் என்றேன்.

எங்கள் சபையில் டைட்டஸ் அண்ணன் இருக்கிறார். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர், ஆராதனையில் கீபோர்டு வாசிப்பவர், ஊர் ஊராகக் கன்வென்ஷன்களுக்கு வாசிக்கவும் போவார். வாலிபர் கூட்டத்தில் எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அவரைவிட யாரை நம்புவேன்?

ஏஜென்சியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். எந்தப் படத்தை எதற்கெல்லாம் உபயோகிக்கலாம் என்று எழுதி, படம் எடுப்பவரும் மாடலும் கையெழுத்துப் போட வேண்டும். படம் எடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடு, யாராக இருந்தாலும் விடாதே என்று மேடம் சொல்லியிருந்தார். நானும் நீட்டினேன். டைட்டஸ் அண்ணன் சிரித்துவிட்டார்.

"நமக்குள்ள எதுக்கும்மா பேப்பரு? வெளி ஆளா நானு? வா, ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிப்போம்."

விசுவாசியிடம் கையெழுத்துக் கேட்டது எனக்கே வெட்கமாகிவிட்டது. கண்ணை மூடினேன். அவர் உருக்கமாக ஜெபித்தார். நான் ஆமென் சொன்னேன். தாள் பையிலேயே இருந்துவிட்டது. நம் ஆட்கள் பலர் இப்படித்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஆமென் சொல்லிவிட்டு வருகிறோம்.

தேயிலைச் சரிவில் மஞ்சு மூடுபனியாக இறங்கும் நேரத்தில் எடுத்தோம். நடந்தேன், கோபப்பட்டேன், யோசித்தேன். அழ மட்டும் வரவில்லை. அப்போது அவர் மெதுவாக, "அப்பாவ நெனச்சுக்கோ பிரிஸ்கா" என்றார். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்பா இறந்தார். அடக்க ஆராதனையில் வாசித்ததும் டைட்டஸ் அண்ணன்தான். நினைத்தேன். அழுகை நிற்கவே இல்லை. அந்தப் படம்தான் ஆல்பத்திலேயே நல்ல படம் என்று மேடமும் சொன்னார். கோயம்புத்தூர் அழைப்பும் அதைப் பார்த்துத்தான் வந்தது.

என் அப்பாவுக்காக நான் அழுத அழுகையை எடுத்து, பிறக்காத மூன்று குழந்தைகளுக்காக ஒரு மெர்சி அழுததாகப் போஸ்டர் அடிக்கக் கொடுத்திருந்தார்.

பஸ் ஸ்டாப்பிலிருந்தே அவருக்குப் போன் போட்டேன். அவர் குரலில் ஒரு தயக்கமும் இல்லை.

"ஊழியத்துக்குத்தானம்மா குடுத்தேன்? கெட்ட காரியத்துக்கா குடுத்தேன்? ஒரு முகம் வேணும்னு கேட்டாங்க. உன் முகத்தப் பாத்து நாலு ஆத்துமா வருதுன்னா உனக்கு ஆசீர்வாதந்தான?"

"மெர்சின்னு யாருண்ணே?"

"யாராச்சும் இருப்பாங்க." சிரித்தார். "மாடல் ஆகணும்னு நீதான ஒத்தக்கால்ல நின்ன? இப்ப ஊரெல்லாம் உன் படந்தான்."

அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. முகம் தெரியாதவன் ஏமாற்றியிருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன். இவர் என் பெயரைச் சொல்லி ஜெபித்தவர்.

மத்தியானத்துக்குள் யாரோ அந்தப் போஸ்டரைப் போனில் அனுப்பி, எஸ்டேட் வரைக்கும் போய்விட்டது. அம்மா கூப்பிட்டார். "ஏட்டி, லயத்துல அத்தன பேரும் கேக்காக. என்னத்தச் சொல்லட்டும்?" அம்மாவே ஒரு நொடி சந்தேகப்பட்டது குரலில் தெரிந்தது. அதுதான் என்னை உடைத்தது. சித்தி வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முதலில் ஜெபித்தது நல்ல ஜெபம் இல்லை. டைட்டஸ் அண்ணன் எல்லார் முன்னாலும் தலைகுனிய வேண்டும் என்று கேட்டேன். அப்புறம் பூங்கொடியின் முகம் வந்தது. என் படத்தை நம்பி மருந்தை நிறுத்தியவர். என் பெயர் கெட்டது ஒரு பக்கம், என் முகத்தால் இன்னொருத்தி கெட்டுப்போவது இன்னொரு பக்கம். கேமரா முன்னால் மணிக்கணக்கில் நிற்பேன். மைக் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. கடைசியில் இப்படிக் கேட்டேன்: "ஆண்டவரே, பேச வாயைக் கொடும். அந்த அக்காவிடம் உண்மையைச் சொல்லாமல் ஊருக்குத் திரும்ப விடாதேயும்."

கூட்டம் மறுநாள் மாலை எருத்தேன்பதியில் ஒரு மைதானத்தில். சித்தியும் துணைக்கு வந்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது. சாட்சி நேரம் வந்ததும் வரிசையில் போய் நின்றேன். பிரசங்கியார் வெளியூர்க்காரர். போஸ்டரை நம்பியிருக்கிறார், பாவம். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "சகோதரி மெர்சியே வந்துட்டாங்க!" என்று மைக்கை என் கையில் கொடுத்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். முன்வரிசையில் பூங்கொடி கைகூப்பி உட்கார்ந்திருந்தார். மேடை ஓரத்தில் கீபோர்டில் டைட்டஸ் அண்ணன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

"என் பேரு மெர்சி இல்ல" என்றேன். அவ்வளவுதான், கீபோர்டு சத்தம் எழும்பியது. பாட்டு நேரம் என்று நினைத்து எல்லாரும் பாட ஆரம்பித்தார்கள். நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது கரண்ட் போனது.

அந்தப் பக்கம் கரண்ட் போவது அதிசயமில்லை, எனக்கும் தெரியும். நீங்கள் தற்செயல் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் கீபோர்டு செத்தது, பாட்டு அறுந்தது, ஜெனரேட்டர் கிளம்பும்வரை அந்த மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. மைக்கைக் கீழே வைத்தேன். எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"என் பேரு பிரிஸ்கா. எனக்குக் கல்யாணம் ஆகல. எனக்குப் பிள்ளை இல்ல. அந்தப் படம் மாடலிங்குக்கு எடுத்தது, செத்துப்போன எங்கப்பாவ நெனச்சு அழுதது. மெர்சின்னு யாரும் இல்ல. என் படத்தப் பாத்து யாராவது மருந்த நிறுத்தியிருந்தா, தயவுசெஞ்சு திரும்பச் சாப்பிடுங்க."

கடைசி வரிசை வரைக்கும் கேட்டது என்று சித்தி சொன்னார்.

பூங்கொடி எனக்கு நன்றி சொல்லவில்லை. கூட்டத்தை விட்டு வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஒம்பது வருசத்துல இப்பத்தானுங்க நம்பிக்கையா இருந்தேன். அதையும் புடுங்கிட்டீங்களே!" நானும் அவரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். மறுநாள் காலை சித்தியும் நானும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நல்லவேளை, சீக்கிரம் வந்தீர்கள் என்று டாக்டர் சொல்லி, மருந்தைத் திரும்பத் தொடங்கினார். இதை எழுதும் வரைக்கும் அவருக்குக் குழந்தை பிறக்கவில்லை. பிறந்துவிட்டது என்று எழுதினால் சாட்சி ஜோராக இருக்கும். அப்புறம் எனக்கும் டைட்டஸ் அண்ணனுக்கும் என்ன வித்தியாசம்?

அவர் இன்னும் எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கிறார். மன்னிப்புக் கேட்கவில்லை. சபைக்குள்ளேயே பேசித் தீர்த்திருக்கலாமே என்று சபையார் என்னிடம்தான் சொன்னார்கள். மாடலிங் போனால் இப்படித்தான் என்றும் சொன்னார்கள். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் வாசிக்கும்போது என்னால் பாட முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், இன்னும் ஆகவில்லை. அதற்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோயம்புத்தூர் வாய்ப்பு போனது போனதுதான். ஆனால் அம்மா அந்த வாரமே லயத்தில் வீடு வீடாகப் போய், "எம் பிள்ள மைக் இல்லாமப் பேசிட்டு வந்திருக்கா" என்று சொல்லியிருக்கிறார். ஆல்பத்தில் இப்போது பன்னிரண்டு படம். அழுகிற படத்தை எடுத்துவிடட்டுமா என்று மேடம் கேட்டார். வேண்டாம் என்றேன். வேறொருவர் அதன்மேல் பொய் எழுதினார் என்பதற்காக என் கண்ணீர் பொய்யாகிவிடாது. இப்போதெல்லாம் தாளில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கேமரா முன்னால் நிற்கிறேன். கையெழுத்து வாங்கிவிட்டு ஜெபமும் பண்ணுகிறேன்.

உங்களையும் யாராவது கூட ஜெபித்துவிட்டே காட்டிக்கொடுத்திருக்கலாம். அதனால் ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். நான் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. தேவைப்பட்ட பாதி கிடைத்தது. அழுகை வந்தால் ஆண்டவர் முன்னால் போய் அழுங்கள். அங்கே யாரும் படம் எடுப்பதில்லை.