இல்லை என்று சொல்லாத கடை

தஞ்சாவூரில் நான் புடவை விற்ற கடையில் "இல்லை" என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்கள். கேட்ட நிறம் கைவசம் இல்லாவிட்டால், "வருதுங்க, லாரியில வந்துக்கிட்டே இருக்கு, அதுவரைக்கும் இதப் பாருங்க" என்று வேறொரு புடவையைப் பிரித்துப் போட வேண்டும். வாய் தவறி இல்லை என்று சொல்லிவிட்டால் லட்சுமி படியிறங்கிப் போய்விடுவாளாம். நாலு மாடி கட்டிய முதலாளிக்கு அந்த ஒரு சொல்லைக் கேட்டால் குலை நடுங்கும்.

கீழே பாத்திரமும் மளிகையும், அடுத்து ஆண்கள் துணி, அதற்கு மேல் புடவை, உச்சியில் விளையாட்டுச் சாமானும் பெட்டிகளும். தை அறுப்பு முடிந்தால் போதும், திருவையாறு பக்கமிருந்தும் மயிலாடுதுறை பக்கமிருந்தும் கல்யாண ஜவுளி எடுக்க வேன் வேனாக வந்து இறங்குவார்கள். அதையெல்லாம் நினைத்து நான் உருகப் போவதில்லை. அப்படி உருகி எழுதுகிறவர்கள் எவரும் அந்தக் கடையில் ஒரு நாள் நின்றிருக்க மாட்டார்கள். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. சுவரில் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு ஆள் அனுப்புவார்கள். எனக்கு அங்கே கிடைத்தது சம்பளமும் கால் நரம்புச் சுருட்டலும்தான்.

ஆனால் அந்தச் சம்பளம் எனக்கு வேண்டும். திருக்காட்டுப்பள்ளியில் என் வீட்டுக்காரர் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் வயல் ஒரு போகம் சிரிக்கும், மறு போகம் கழுத்தை அறுக்கும். மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் காலேஜுக்குக் கட்டுவது முழுக்க என் சம்பளம். என் வேலை போனால் அவள் படிப்பும் போயிற்று. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. அதோடு ஒரு புது ஜாதி வாடிக்கையாளரும் வந்தார்கள். காரில் வந்து இறங்குவாள். ஏசிக்கு நேராக உட்காருவாள். அடுக்கி வைத்ததையெல்லாம் பிரிக்கச் சொல்வாள். ஒவ்வொன்றையும் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்று படம் எடுத்துக்கொள்வாள். அப்புறம் என் கண் முன்னாலேயே போனைத் தடவி, "இதே டிசைன் இதுல கம்மியா இருக்குடி" என்று கூட வந்தவளிடம் காட்டுவாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. "வீட்ல கேட்டுட்டு வர்றேங்க." போகிற போக்கில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்றும் கேட்டுக்கொள்வாள். அந்த மலை போன்ற துணியை நான் மடித்து முடிப்பதற்குள் அடுத்தவள் வந்து உட்கார்ந்திருப்பாள். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதை இவர்கள் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருவார்களோ என்று தோன்றும்.

முதலாளி இதற்கு என்ன செய்தார்? "தொட்டுப் பாக்காம எவ புடவை வாங்குவா? போயிட்டு திரும்பி வருவாளுங்க" என்றார். வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லப்போக, மாடிப்படி ஓரத்தில் பிளாஸ்டிக் பூவில் ஒரு வளைவு கட்டி, நடுவில் ஊஞ்சலும் தொங்கவிட்டார். ஓசியில் படம் எடுக்க வந்தவளுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்த புண்ணியவான்.

உச்சி மாடியில் விளக்கை அணைத்தார்கள். ஓடும் படிக்கட்டை நிறுத்தினார்கள். ஆட்களைக் குறைத்தார்கள். அதிலும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா, சீசனுக்குக் கூப்பிடுறோம்" என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார்கள். அதை நம்பி வேறு வேலை தேடாமல் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்கள் உண்டு. பஸ்ஸில் என்னைப் பார்த்தால், "என்னைப் பத்தி ஏதாவது பேசிக்கிட்டாங்களா அக்கா?" என்று கேட்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சென்னையில் என்னவோ படித்துவிட்டு வந்த முதலாளி மகன், ஆன்லைனில் விற்கும் ஒரு கம்பெனியில் எங்கள் கடையையும் சேர்த்தான். பல ஊர்க் கடைகள் தங்கள் சரக்கை அதில் போட்டு வைக்கும். ஆர்டர் வந்தால் நாம் பெட்டி கட்டி அனுப்ப வேண்டும். புடவை மாடியின் மூலையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு அதற்கு என்னை உட்கார வைத்தார்கள். முதல்முறையாக எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. இது ஓடினால் எனக்கு வேலை உண்டு, ஓடாவிட்டால் நானும் வீட்டில் கிடந்து போனைப் பார்க்க வேண்டியதுதான் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது.

வேலை கஷ்டமில்லை. எந்தப் புடவை எத்தனை இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் போட வேண்டும். தீர்ந்துவிட்டால் சைபர் போட வேண்டும். போட்டதும் அந்தப் படத்துக்குக் கீழே "இருப்பு இல்லை" என்று காட்டும். அங்கேதான் வந்தது வினை. நான் சைபர் போடப் போன நேரத்தில் முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா அது?"

"மயில் கழுத்துக் கலர் தீந்துபோச்சு முதலாளி. சைபர் போட்டா இல்லைன்னு காட்டும். அப்புறம் யாரும் ஆர்டர் பண்ண மாட்டாங்க."

"என் கடைப் பேரப் போட்டு அதுக்குக் கீழ இல்லைன்னு ஊரு பூரா காட்டுவியா? எடு கைய."

"ஆர்டர் வந்தா எத அனுப்புறதுங்க?"

"பாசிப்பச்சைய அனுப்பு. கடைக்கு வர்றவளுக்கு நீ மாத்திக் குடுக்கறதில்ல? அதேதான்."

மகன் பக்கத்தில்தான் நின்றான். இவ்வளவு படித்தவன் ஒரு வார்த்தை பேசுவான் என்று பார்த்தேன். "அப்பா சொல்ற மாதிரியே செஞ்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை நோண்டப் போய்விட்டான்.

கடையில் மாற்றிக் கொடுப்பேன்தான். முந்தானையை விரித்துத் தோளில் போட்டு, "உங்க நெறத்துக்கு இதுதாங்க எடுப்பா இருக்கு" என்று பேசிப் பேசி அரை மனசை முழு மனசாக்கி அனுப்புவேன். அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு யார் பேசுவது? எங்கேயோ ஒருத்தி ஆசையாகப் பெட்டியைப் பிரிக்கிறாள், நீலம் கேட்டவளுக்குப் பச்சை வருகிறது. காறித் துப்பாமல் என்ன செய்வாள்?

போன பெட்டிகள் திரும்பி வந்தன. மூலையில் அடுக்க இடமில்லாமல் அந்தப் பூ ஊஞ்சலின் மேலேயே ஏற்றினோம். கலர் தெரியாத கடை, கண்ணை டாக்டரிடம் காட்டிவிட்டு வியாபாரம் செய்யுங்கள் என்றெல்லாம் எங்கள் புடவைகளுக்குக் கீழே எழுதினார்கள். கடைசியில் கம்பெனியிலிருந்தே எச்சரிக்கை வந்தது: இப்படியே போனால் கடையை நீக்கிவிடுவோம். அதைப் படித்த இரவு விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். மகளுக்கு அடுத்த செமஸ்டர் கட்டணம் தீபாவளிக்கு முன்னால் கட்ட வேண்டும். கடையை நீக்கினால் அந்த நாற்காலிக்கும் என்ன வேலை, எனக்கும் என்ன வேலை?

மறுநாள் முதலாளி வருவதற்குள், தீர்ந்துபோன புடவைகளுக்கெல்லாம் சைபர் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அதன் பிறகு வந்த ஆர்டர்கள் கொஞ்சம்தான், ஆனால் கைவசம் இருந்த புடவைகளுக்கு வந்தவை. பெட்டிகள் திரும்பி வருவது நின்றது. முதலாளி மீசையைத் தடவிக்கொண்டு, "பாத்தியா, நம்ம கடை வழக்கம் எல்லாருக்கும் பழகிடுச்சு" என்று மகனிடம் பெருமையடித்துக்கொண்டார். கேட்டுக்கொண்டே நான் பெட்டி ஒட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு சிரிப்பை நான் அடக்கியதில்லை.

தீபாவளி நெருக்கத்தில் கும்பகோணத்திலிருந்து முதலாளியின் சம்பந்தி போன் செய்திருக்கிறார். "என்ன சம்பந்தி, உங்க கடையில புடவை இல்லைன்னு போட்டிருக்காமே? கஷ்டமா?" அவ்வளவுதான். புடவை மாடிக்கு ஏறி வந்தபோது மனுஷனுக்கு முகம் வெளுத்திருந்தது. அங்கே ஒரத்தநாட்டுக் கூட்டம் ஒன்று முகூர்த்தப் புடவை எடுத்துக்கொண்டிருந்ததால் சத்தம் போட முடியவில்லை.

"கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா. கூப்பிடுறேன்."

"உண்டா இல்லையான்னு நேரா சொல்லிடுங்க முதலாளி. எம்பொண்ணு படிக்கிறா."

"நல்ல நாளும் அதுவுமா அந்த வார்த்தையெல்லாம் எதுக்கு?" என்றவர், கூட்டம் தன்னைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். உடனே குரலை உயர்த்தினார். "இத்தன வருஷம் இங்க இருந்திருக்க. போகும்போது புடவை ஒண்ணு எடுத்துக்க. உனக்கு எது புடிக்குதோ அது."

அவர் கண் நூல் புடவை அடுக்கின் பக்கம் போனது. நான் பட்டு அலமாரியின் மேல் தட்டைக் காட்டினேன். உறை கூடப் பிரிக்காத அரக்குக் கலர் முகூர்த்தப் பட்டு, உடம்பெல்லாம் ஜரிகை. "அதுங்க" என்றேன்.

முதலாளி வாயைத் திறந்தார். கல்யாணக் கூட்டம் மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மணப்பெண்ணின் அம்மா, "பெரிய மனசுங்க உங்களுக்கு" என்று வேறு சொல்லிவிட்டாள். திறந்த வாயை மூடி, "எடுத்துக் குடுங்கப்பா" என்றார். நான் நன்றி சொல்லவில்லை. அந்த வீணாய்ப்போன கடையில் நான் எடுத்த ஒரே பட்டு அதுதான்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் பையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

"யாருக்கும்மா இது?"

"உன் காலேஜுக்கு."

அவளுக்குப் புரியவில்லை. கண்ணாடி முன் போய் நின்று உறையைக் கிழிக்கப் போனாள். "பிரிக்காதடி, பிரிச்சா வெல போகாது" என்று கத்தினேன்.